ஓர் எழுத்து, இரு மொழிகள்

மார்க்கமா, மரபா என்னும் வினா, குடியேறிய முஸ்லிம்களின் பிள்ளைகளைப் பல நாடுகளிலும் தொடர்ந்து வருகின்றது. ஒன்றைப் பேண மற்றதைத் துறந்தே ஆகவேண்டும் என்பது அவ்வினாவுள் மறைந்திருக்கும் எடுகோள். எமது நாட்டின் மலாய மக்களது வரலாறு அவ்வெடுகோளைப் பொய்ப்பிக்கின்றது.

ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இம்மக்களின் முன்னோரை இங்கு கொணர்ந்தவர் ஒல்லாந்தர். 1708 ஆம் ஆண்டு நாடுகடத்தப்பட்ட ஜாவா மன்னன் மூன்றாம் அமங்குராத் போன்ற அரச குலத்தினர் சிலர்; கூலிக்குப் போர்புரிய வந்த படைவீரரே பலர். ஆங்கிலேயரும் அவர்களைக் கைவிடவில்லை. இலங்கை றைபிள் படைப்பிரிவின் முதுகெலும்பாக மலாயரே விளங்கினர். அடிமைப்பட்ட ஒரு நாட்டு மக்களைக் கொண்டு இன்னொரு நாட்டை அடிமைகொள்ளும் ஏகாதிபத்திய உபாயம் இது. 1803 ஆம் ஆண்டுக் கண்டிப் போரில் மலாயர் இரு தரப்பிலும் நின்று பொருதினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நாட்டிற் பிறந்த அவர்தம் பிள்ளைகள் தமிழ் பேசும் சோனகரைத் தம் மார்க்கச் சகோதரராகக் கண்டனர். எனினும் வீட்டிலும் படைமுகாமிலும் மலாய் மொழியே வழங்கினர். அம்மொழியை அவர்கள் எழுதியது அறபு எழுத்தில். அதே எழுத்தைச் சிற்சில மாற்றங்களோடு கொண்டு சோனகர் அறபுத்தமிழ் எழுதினர். மார்க்கம் இரு சாராருக்கும் ஓர் எழுத்தை அளித்தது. எவரது மொழியையும் அது பறித்துக்கொள்ளவில்லை. 1869 ஆம் ஆண்டு பாபா யூனுஸ் சல்டீன் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்னும் பத்திரிகையை அவ்வெழுத்திலேயே வெளியிட்டார். மலாய் மொழியின் முதற் செய்திப் பத்திரிகைகளுள் அது ஒன்று. சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' தோன்றியதோ 1876 இலேதான். அதனைத் தோற்றுவித்தவரும் தென்னிந்திய முஸ்லிம்களின் வழிவந்தோரே.

அவ்வாறாயின் இம்மொழி நலிந்தது எதனால்? 1873 ஆம் ஆண்டு படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே தொழில் செய்து வாழ்ந்த சமூகம், பொலிஸ் சேவை, தோட்டங்கள் எனப் பிழைப்புத் தேடிச் சிதறியது. மொழியைத் தாங்கிய பொருளாதார அடித்தளம் தகர்ந்தது. பயிற்றுமொழிகளாய் அமைந்த ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகியவற்றிடையே மலாய்க்கு இடமிருக்கவில்லை. பேச்சு வீட்டளவில் எஞ்சியது. பாட்டன் எழுதிவைத்த ஏட்டைப் பேரன் வாசிக்க முடியாதவனானான். இதற்குப் பள்ளிவாசல் மீது பழி சுமத்துவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

எஞ்சிய பேச்சிலும் எமக்கொரு பாடம் உண்டு. சொற்கள் மலாய், ஆயின் தமிழிலும் சிங்களத்திலும் போல வேற்றுமை உருபு பெயர்க்குப் பின்னும் வினை வாக்கியத்தின் இறுதியிலும் வருகின்றன. அயலாரோடு கூடி வாழ்ந்த வாழ்வு இலக்கணத்தையே மாற்றியமைத்துள்ளது. தூய மரபு என்று தனித்த ஒன்றைத் தேடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

மலாயக் குடும்பத்திற் பிறந்த ரி. பி. ஜாயா, 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராயிருந்து பல்லின முஸ்லிம் மாணவரின் கல்விக்கு உழைத்தார். 1924 ஆம் ஆண்டு முஸ்லிம் பிரதிநிதியாகச் சட்டசபை புகுந்த அவரே, 1945 இல் அரசாங்க சபையில் இலங்கையின் சுதந்திரக் கோரிக்கைக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். மலாயர், முஸ்லிம், இலங்கையர் என்னும் மூன்றும் அவரிடத்து முரண்பட்டு நிற்கவில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மலாயர் ஏறத்தாழ 44,000 பேர். அவர்தம் பிள்ளைகள் எம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். எம்மொழியின் உரிமைக்காக இடையறாது குரலெழுப்பும் நாம், இப்பிள்ளைகளைப் பெயர்ப்பட்டியலில் 'முஸ்லிம்' எனக் குறித்துவிட்டு அமைதி காண்பது நியாயமாகாது. வீட்டில் எம்மொழி பேசுகின்றாய் என அவர்களைக் கேட்பதும், அம்மொழியின் கதையொன்றை வகுப்பிற் சொல்ல அழைப்பதும் எம்மால் இயலாத பணிகளல்ல. அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். ஆசிரியர் செய்யக்கூடியதை நாமே தொடங்குவோம்.