சபரகமுவைக் குழிகளிற் கிடைத்த சாட்சி

தெரணியகலையிலிருந்து வடகிழக்கே சென்றால் கித்துல்கல. தெற்கே சென்றால் குருவிட்ட. இவ்விரண்டு ஊர்களின் அருகிலும் பழைய மலைக்குகைகள் உள்ளன. முன்னையது பெலிலென எனவும் பின்னையது பட்டதொம்பலென எனவும் பெயர்பெறும். இடைப்பட்ட சரிவுகளில் இன்று தேயிலையும் இறப்பரும் நிற்கின்றன. சீதாவாக்கை ஆறு ஓடுகின்றது. ஆண்டிற்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. காலநிலை மாறுவது மனிதனாலா, இயற்கையாலா? அது மாறினால் மனிதகுலம் நெடுங்காலம் பிழைத்திருக்குமா? இவ்வழக்கு இன்று உலக மன்றங்களில் நடைபெறுகின்றது. அதற்கு வேண்டிய சாட்சியங்களுட் சில இச்சிறு நிலப்பரப்பிலும் அதன் அயலிலுமே கிடைத்துள்ளன என்பதை நேயர்களுட் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் அகழ்வோர் பல அடி ஆழம் தோண்டியபின் ஒரு கூழாங்கற் படையை அடைவர். சிங்கள மக்கள் அதனை 'இல்லம' என்பர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வீட்டை நினைவூட்டும். ஒருவகையில் அது பொருத்தமுமாகும். பழங்குடிகள் பலர் அங்கே துயில்கின்றனர். 1939 முதல் 1963 வரை தேசிய அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராயிருந்த போல் எட்வேட் பீரிஸ் தெரணியகல அவர்கள், ஊரின் பெயரையே தம் பெயரிலும் தாங்கியவர், அக்குழிகளிலிருந்து வெளிவந்த எலும்புகளையும் பற்களையும் பல்லாண்டு காலம் தேடிச் சேர்த்தார். கிடைத்தவை எவை? நீர்யானையின் எலும்பு; காண்டாமிருகத்தின் பல். குருவிட்டவிற் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இந்நாட்டில் ஒருகாலத்திற் சிங்கமும் வாழ்ந்ததென அவர் 1939இல் அறிவித்தார். கொடியில் மட்டுமே சிங்கத்தைக் கண்டு பழகிய மக்களுக்கு அது பெருவியப்பாக இருந்திருக்கும்.

இன்று சபரகமுவையின் ஆறுகளில் நீர்யானை இல்லை. காடுகளிற் காண்டாமிருகமும் இல்லை. உலகம் பலமுறை குளிர்ந்தும் வெம்பியும் வந்துள்ளது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனிப்பாறைகள் மிகுதியாகப் பரவியிருந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இலங்கை தீவன்று. இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. ஆதலின் காலநிலை என்றும் மாறியே வந்துள்ளதென வாதிடுவோர் பொய்யுரைப்பவரல்லர். அவர்களின் முதற் சாட்சியை மாணிக்கக் குழியே அளிக்கின்றது.

இரண்டாவது சாட்சியைக் குகைகள் அளிக்கின்றன. பணிப்பாளர் தெரணியகலவின் மைந்தரும் பிற்காலத்தில் தொல்பொருளியல் தலைமைப் பணிப்பாளராக விளங்கியவருமான சிரான் தெரணியகல அவர்கள் பட்டதொம்பலெனையையும் பெலிலெனையையும் முறைப்படி அகழ்ந்தார். பட்டதொம்பலெனையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எலும்புகள் வெளிப்பட்டன. 'பலாங்கொடை மனிதன்' என்று பாடநூல்கள் கூறும் மக்கள் இவர்களே. பனிக்காலத்தின் உச்சம் வந்து போயிற்று, மழைக்காடு விரிந்தும் சுருங்கியும் மாறிற்று, இம்மக்களோ அழிந்தாரல்லர். குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர், மரநத்தையைத் தின்றனர், கெக்குனக் கொட்டையையும் காட்டு ஈரப்பலாவையும் உண்டனர். பெலிலெனைவாசிகள் கடற்கரையிலிருந்து உப்பும் பெற்றிருக்கின்றனர். மலைநாட்டுக் குகையில் வாழ்ந்தவருக்குக் கடலோடு இருந்த தொடர்பை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆயினும் அவர்கள் பிழைத்த வகையை உற்றுநோக்குதல் வேண்டும். அவர்கள் தொகையிற் சிலர். நிலத்திற்கு உறுதி எழுதி வைத்திருந்தாரல்லர். ஓர் இடத்தில் இரை குன்றினால் மற்றோரிடம் நாடிச் செல்ல அவர்களைத் தடுப்பார் எவருமில்லை.

இனி, மனிதன் காலநிலையை மாற்ற வல்லனா என்னும் வினா. இதுவும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மத்திய மலைநாட்டின் காடுகள் கோப்பிக்காக வெட்டி வீழ்த்தப்பட்டன. 1870களின் இறுதியிற் கோப்பிப் பயிர் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் நின்றது. காடு போனால் மழையும் போகுமோ என்ற அச்சம் அப்பொழுதே எழுந்தது. 1873இல் இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் பணிப்பாளர் யோசேப்பு ஊக்கர், இலங்கைக் காடுகளின் அழிவு குறித்துக் குடியேற்ற நாட்டு அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. பருவக்காற்று கடலிலிருந்து வருவது, மரத்தை வெட்டுவதால் அது நின்றுவிடாது என்று மறுத்தோரும் இருந்தனர். அவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் காடழிந்த சரிவில் மண் தங்காது, ஊற்றுக்கள் வற்றும் என்ற எச்சரிக்கை ஐயத்திற்கிடமின்றி மெய்யாயிற்று. மாலிபொடைக்கு மேலே சிவனொளிபாத மலையைச் சூழ்ந்து இன்றும் அடர்காடு நிற்பதற்கு அப்பழைய விலக்கும் ஒரு காரணம்.

ஆனால் தெரணியகலை 5,000 அடிக்கு வெகு கீழே உள்ளது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி மடிந்தபின், தேயிலையும் இறப்பரும் அக்கோட்டிற்குக் கீழ்ப்பட்ட சரிவுகளெங்கும் பரவின. மரத்தை வெட்டிய கைகள் கூலித் தொழிலாளரின் கைகளே. வெட்டு என்று ஆணையிட்டவரும், ஆதாயம் பெற்றவரும் வேறு. 'மனிதனால் விளைந்த மாற்றம்' எனும்போது எந்த மனிதன் என்று கேட்பதற்கு இவ்வரலாறு இடமளிக்கின்றது.

மழை பற்றிய அந்த வாதம் இருபதாம் நூற்றாண்டில் வானத்தின் வாயுவைப் பற்றிய வாதமாயிற்று. நிலக்கரியை எரிப்பதால் எழும் காபனீரொட்சைட்டு பூமியை வெப்பமாக்கும் எனச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு 1896இற் கணக்கிட்டார். 1958இல் சாள்சு கீலிங் அவாய்த் தீவின் மலையுச்சியில் அதனை அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் அஃது ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420ஐயும் கடந்துவிட்டது. அந்தாட்டிக்காப் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளோ, கடந்த 800,000 ஆண்டுகளில் அது 300 பங்கு அளவைத் தாண்டியதில்லை எனக் காட்டுகின்றன. வெப்பம் சூரியனால் மிகுமாயின் மேல்வளியும் வெம்புதல் வேண்டும், அதுவோ குளிர்கின்றது. மனிதச் செயலே வெம்மைக்குக் காரணமென்பதில் ஐயமில்லை என 2021இல் உலக நாடுகளின் அறிவியற் குழு உரைத்தது. பனிக்காலத்திலிருந்து வெளிவரப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. இன்றைய வெம்மையோ ஒன்றரை நூற்றாண்டில் ஒரு பாகைக்கு மேல் ஏறிவிட்டது. குகைமனிதன் பிழைத்தானே என்று ஆறுதல் கூறுவோர் இந்த விரைவைக் கணக்கில் எடுப்பதில்லை.

வெம்மையுற்ற காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆதலின் பெய்யும்போது பெருமழை மேலும் பெருகும். 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொகுப்பிட்டியாவின் களுப்பானைத் தோட்டத்திலும் மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாடெங்கும் மீண்டும் சரிவுகளை உண்டாக்கியது. மனிதகுலம் முழுவதும் அழியுமா என்பதை அறிஞர் ஆராய்க. லயத்திற் குடியிருக்கும் குடும்பத்திற்கு முன்னுள்ள கேள்வி அத்தனை பெரிதன்று; இன்றிரவு இங்கே உறங்கலாமா என்பதே அது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களைப் படத்திற் குறித்துள்ளது. பெருமழைக் காலத்தில் எச்சரிக்கையும் விடுக்கின்றது. எச்சரிக்கை வந்ததும் தோட்டத்து மக்கள் பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடத்து மண்டபத்தை அடைகின்றனர். வாங்குகளை ஒருபுறம் ஒதுக்கிக் குழந்தைகளைக் கிடத்துகின்றனர். மழை விடுகின்றது. சொந்தமாக வேறு நிலம் இல்லாதவர், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அதே சரிவிலுள்ள அதே லயத்திற்குத் திரும்பிச் செல்கின்றனர்.