தவிலின் இரு முகங்களும் ஒலிவாங்கியும்: யாழ்ப்பாண மேளத்தைக் கலையகத்தில் பதிவுசெய்தல் குறித்து

யாழ்ப்பாணத்து மேளக் குழுவொன்று இன்று ஒலிப்பதிவுக் கலையகத்துக்குள் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாதஸ்வரக்காரர் ஒரு கண்ணாடி அறையில் இருப்பார், தவில்காரர் இன்னோர் அறையில் இருப்பார். இருவர் காதிலும் ஹெட்போன். தாளத்துக்குக் கணினி எழுப்பும் ‘டிக் டிக்’. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் ஏறும். பிழை வந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டலாம். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து, செயற்கையாக எதிரொலி சேர்த்து முடிப்பார்கள். திரையிசைக்கு வசதியான இந்த முறை மேளத்தைச் சிதைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மேளத்தில் எது முன்னே நிற்க வேண்டும், எது தணிய வேண்டும் என்பதை வாசிப்பவர்களே ஒருவரையொருவர் கேட்டு, கணத்துக்குக் கணம் தீர்மானிக்கிறார்கள். ஒலிவாங்கி வைப்பவரின் முதற்கடமை அந்தத் தீர்மானத்தைக் குலைக்காதிருப்பது.

இது யாழ்ப்பாணத்தில் கூடுதல் அக்கறையோடு பேசப்பட வேண்டிய விடயம். இணுவில், அளவெட்டி, கோண்டாவில் போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாக மேளக் கலைஞரை வளர்த்தவை. இணுவில் விசுவலிங்கத்தின் மகன் தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களும் விரும்பி அழைத்த தவில் மேதை. நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் சேர்ந்த காலத்தை நேரில் கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரப்போவது பதிவுகள் மட்டுமே. அவை எப்படி எடுக்கப்படுகின்றன என்பதில் அசட்டை கூடாது.

தொழில்முறைக் கலையகம் நெடுங்காலம் எங்களுக்குக் கொழும்பிலேயே இருந்தது. 1925 இல் தொடங்கிய கொழும்பு வானொலியின் வழிவந்து, 1967 இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலியில் வாசிப்பதற்குக் கலைஞர்கள் தவிலைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். போரால் 1990 இல் அந்த ரயிலான யாழ்தேவி நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 இல். இடையில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள் வந்தன. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி ஒலிநாடா கேட்ட ஊரில் பலதட ஒலிப்பதிவு பற்றி யார் பேசியிருப்பார்கள்? இப்போது குடாநாட்டிலேயே கலையகங்கள் உள்ளன. ஆனால் அவற்றின் பழக்கவழக்கங்கள் திரையிசையிலிருந்து வந்தவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தவிலை எடுத்துக்கொள்வோம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கம்பு. இரண்டு முகங்களும் எதிரெதிர்த் திசைகளில் ஒலியை வீசுகின்றன. முன்னால் இருக்கும் இரசிகர் எந்த முகத்தையும் நேரே கேட்பதில்லை. இரண்டையும் பக்கவாட்டில், காற்றில் கலந்த பிறகே கேட்கிறார். தவில்காரர் தன் கைகளின் பலத்தைப் பங்கிடுவதும் அந்தக் கலவையை எண்ணித்தான். வலந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கியை நிறுத்தினால் கூடு தோலில் படும் சொடுக்கு பெரிதாகும், சொல்லின் உடம்பு காணாமற்போகும். சரி, முகத்துக்கொன்றாக இரண்டு வைக்கலாமே என்பார்கள். வலந்தலையை அடிக்கும்போது அத்தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. அதே கணத்தில் ஓர் ஒலிவாங்கி காற்று விலகுவதையும் மற்றது காற்று நெருக்குவதையும் பதிகின்றன. இரண்டையும் அப்படியே கூட்டினால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிட, தவில் தகரப்பேணி போலச் சத்தமிடும். ஒரு தடத்தின் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அமர்த்தினால் இழந்த கனம் பெருமளவு திரும்பும். இந்தச் சிறு காரியம் கூடச் செய்யப்படாத பதிவுகளைக் கேட்டு, தவில்காரரின் தொப்பி சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னவர்களை நான் அறிவேன்.

நாதஸ்வரத்திலும் இதே கதை. குழலின் முனையிலுள்ள அணசிலிருந்துதான் ஒலி வருகிறது என்ற எண்ணத்தில் ஒலிவாங்கியை அதன் வாய்க்கு நேரே வைப்பது வழக்கமாகிவிட்டது. துளை வாத்தியங்களில் ஒரு சுரத்தின் தாழ்ந்த கூறுகள் திறந்திருக்கும் முதல் துளைகளினூடாக வெளியேறுகின்றன. உயர்ந்த கூறுகளே குழலின் முனைவரை ஓடி அங்கிருந்து நேராகப் பாய்கின்றன. அணசுக்கு முன் நின்று பதிந்தால் கீச்சுத்தான் கிடைக்கும். கமகத்தின் குழைவு துளைகளுள்ள உலவின் பக்கத்தில் நின்றுவிடும். ஒரு மீற்றர் தள்ளி, சற்று உயரத்திலிருந்து, துளைகளுக்கும் அணசுக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கி வைப்பதே தகும். ரிப்பன் ஒலிவாங்கி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் உயர்சுருதிக் கூர்மை குறைவு. பக்கங்களில் அதற்குக் காது கேட்காது. அந்தக் கேளாப் பக்கத்தைத் தவிலுக்குத் திருப்பிவிட்டால் சுவர் எழுப்பாமலே பாதிப் பிரிவினை கிடைத்துவிடுகிறது.

தனியறைக்காரர்களின் வாதம் வலுவற்றதல்ல. தவிலின் ஒலி நாதஸ்வர ஒலிவாங்கிக்குள் கசியும், பின்னர் எதையும் திருத்த முடியாது என்கிறார்கள். கசிவு உண்மை. அது எப்போது கெடுக்கிறது என்பதே கேள்வி. ஒரே ஒலி ஏறத்தாழ சம பலத்தோடு, 35 சென்ரிமீற்றர் தூர வித்தியாசத்தில் இரண்டு ஒலிவாங்கிகளை அடைந்தால் ஒரு மில்லிவிநாடி பிந்தும். கூட்டும்போது 500, 1500, 2500 ஹேட்சில் பள்ளங்கள் விழும். வாத்தியத்துக்கும் அதன் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி அடுத்த ஒலிவாங்கி இருந்தால் கசிவு சுமார் 9.5 டெசிபல் தணிந்து, பள்ளம் காதை அதிகம் உறுத்தாத அளவுக்கு மேலேறிவிடும். ஆக, இடம் போதுமானால் கசிவு பகையல்ல. வாத்தியங்களை ஒரே வெளியில் சேர்த்துப் பிடிப்பதும் அதுவே.

கேட்பவர் எவரும் கவனிக்காத இன்னொருவர் இருக்கிறார்: தாளம் போடுபவர். கணினியின் ‘டிக் டிக்’ வந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் அவர்தான். இராகத்தின் மூச்சு நீளும்போது கீர்த்தனையின் காலம் மயிரிழை தளர்வதும், தீர்மானத்தை நோக்கித் தவில் நகர்கையில் அது இறுகுவதும் அவர் கையில் உள்ளவை. தனித்தவிலில் இரண்டு தவில்கள் மாறி மாறிக் கோர்வை வைக்கும்போது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் தலையாட்டிக்கொண்டு இது நடக்காது. கூத்தைப் பதிவுசெய்வோருக்கும் இது பொருந்தும். அண்ணாவியாரின் மத்தளத்தையும் பிற்பாட்டுக்காரரையும் பிரித்து வைத்தால் பாட்டு மிஞ்சும், கூத்துப் போய்விடும்.

எனவே நான் பரிந்துரைப்பது, குழு முழுவதும் வழமைபோல் அமர்ந்து வாசிக்க, முன்னால் மூன்று மீற்றர் அளவில், இரண்டு மீற்றர் உயரத்தில் ஒரு சோடி ஒலிவாங்கி. பிரெஞ்சு வானொலியார் வகுத்த, 17 சென்ரிமீற்றர் இடைவெளியும் 110 பாகைக் கோணமும் கொண்ட அமைப்பு இதற்கு நன்கு உதவும். பதிவின் முதுகெலும்பு இந்தச் சோடியே. நாதஸ்வரத்துக்கும் ஒவ்வொரு தவிலுக்கும் அருகே வைப்பவை துணைகள் மட்டுமே. எங்கள் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீற்றர் ஓடும். அதனால் சோடியைவிட வாத்தியத்துக்கு இரண்டு மீற்றர் நெருங்கி இருக்கும் துணை ஒலிவாங்கியின் தடத்தை ஏறத்தாழ 6 மில்லிவிநாடி பிந்தவைத்துச் சோடியோடு பொருத்த வேண்டும். 24 பிட்டில் பதியும்போது அளவை உச்சத்துக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லை. தவிலின் ஓர் அறைச்சாப்பு மெல்லிய விரற்சொல்லைவிடப் பல மடங்கு பெரியது, இரண்டும் முழுசாக உள்ளே வர இடம் விட வேண்டும். பதியும் வேளையில் கம்பிறசர் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தட்சிணாமூர்த்தியிடம் மக்கள் கொண்டாடியதே அதிவேகத்திலும் உதிராத அந்த விரற்சொற்களைத்தான். பெரிதையும் சிறிதையும் சமமாக்கும் கருவி அந்த நுட்பத்தையே அழிக்கிறது.

அறை பற்றி ஒரு வார்த்தை. மேளம் கோயில் வீதிக்கென வளர்ந்த இசை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அது திறந்த வெளியில் ஒலிக்கிறது. தாழ்ந்த கூரையுள்ள சிறு அறையில் சுவரும் கூரையும் உடனுக்குடன் திருப்பியடிக்கும் ஒலி நாதஸ்வரத்தைக் கடூரமாக்கும்; பிறகு சேர்க்கும் செயற்கை எதிரொலி அதை மறைக்காது. கலையகம் சிறிதென்றால் கருவிகளை ஒரு பாடசாலை மண்டபத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ கொண்டுபோவதே முறை. குளிரூட்டி உள்ள இடமென்றால் தோல் வறண்டு இறுகும், சீவாளி காயும். வாத்தியங்கள் அறையின் காற்றுக்குப் பழகிய பின்னரே சுருதி சேர்க்க வேண்டும்.

நூலகம் நிறுவனம் போன்றவை 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகின்றன. மேளப் பதிவுகளை அங்கே வைக்கும்போது கலந்து முடித்த இறுதி வடிவம் மட்டும் போதாது. கலக்காத தடங்கள், யார் எங்கே அமர்ந்தார், எந்த ஒலிவாங்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது, நாதஸ்வரம் எத்தனை கட்டை, எந்த மண்டபம் என்ற குறிப்புகளும் சேர வேண்டும். தவில் பயிலும் மாணவர் ஒருவர் பின்னாளில் அந்தத் தடங்களைத் திறந்து, வலந்தலையை மட்டும் தனியே கேட்டுப் பாடம் பண்ண அது வழி செய்யும்.