கணக்கு நோட்டும் ஊழியக் குறிப்பும்

மண்ணச்சநல்லூரில் பழைய வீடுகளை இடிக்கும்போது பரணிலிருந்து நோட்டுகள் இறங்கும். நெல் வரவு எழுதியவை, பள்ளிக்கூடப் பாடம் எழுதியவை, பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம் எழுதியவை. பெரும்பாலும் அவற்றை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. நேரே எடைக்குப் போகும். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கக்கூடும் என்பதை விளங்கிக்கொள்ள, காவிரிக்கரையில் எழுதப்பட்டு இன்றுவரை பிழைத்திருக்கும் இரண்டு கையெழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் எழுதிவந்த நாட்குறிப்பு. இன்னொன்று, கும்பகோணத்து மாணவர் ராமானுஜன் நிரப்பிய கணக்கு நோட்டு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஒருவர் கடல் கடந்து வந்தவர், மற்றவர் அதே ஆற்றங்கரையில் வளர்ந்தவர். இவற்றைச் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினார்களோ, அதைப் பொறுத்தே காகிதத்தில் ஏறியதும் ஏறாமல் போனதும் அமைந்தன.

சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1762 முதல் திருச்சியில் தங்கினார். கோட்டைக்குள் 1766இல் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. பிறகு தஞ்சாவூருக்குப் போனார், 1798இல் அங்கேயே இறந்தார். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவர்களுக்கு நாட்குறிப்பு எழுதுவது வேலையின் ஒரு பகுதி. ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். அங்கே 1710இலிருந்தே இந்தக் குறிப்புகளை அச்சிட்டு, மிஷனுக்குப் பணம் கொடுப்பவர்களுக்கும் அக்கறை உள்ளவர்களுக்கும் அனுப்பிவந்தார்கள். ஆகவே அன்றைய குறிப்பை எழுதும்போதே, தூர தேசத்தில் உட்கார்ந்து காசு கொடுக்கும் ஒருவர் எழுதுபவரின் மனத்தில் இருந்திருப்பார்.

இதனால் ஊர் நிறையக் கிடைக்கிறது. வழியில் கண்டவர்கள், பஞ்சம், படை நடமாட்டம், பள்ளிக்கூடம், உபதேசியார்களின் வேலை என்று எத்தனையோ செய்திகள். 1779இல் சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹைதர் அலியைப் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது எழுதிய குறிப்பு, பல நூல்களில் திரும்பத் திரும்ப அச்சானது.

ஆனால் இந்த மிஷன் குறிப்புகளில் வரும் உரையாடல்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். வழியில் ஒரு பிராமணரோ வியாபாரியோ கேள்வி கேட்பார், ஊழியர் பதில் சொல்வார், கடைசி வார்த்தை பெரும்பாலும் ஊழியருடையதாகவே இருக்கும். கேள்வி கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தார், மனைவியிடம் என்ன சொன்னார் என்பது அந்தத் தாளில் இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு ஹாலேயில் பதிப்பாசிரியரின் கத்தரி காத்திருந்தது. மிஷனரிகளுக்குள் நடந்த பூசல்களும், ஆதரவாளர்களுக்குப் பிடிக்காது என்று பட்டவையும் அச்சில் குறைந்துபோயின. தரங்கம்பாடி மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி அனுப்பிய பெரிய நூலுக்கு நேர்ந்ததே போதுமான சான்று. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

ராமானுஜனின் நோட்டு இதற்கு நேர்மாறு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1904இல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டதால் அதை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இந்தத் தோல்விகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நோட்டு வளர்ந்துகொண்டிருந்தது. காகிதம் விலை அதிகம். அதனால் சிலேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. தமக்குத் தெரிந்ததைத் தமக்கே ஏன் விளக்க வேண்டும்? அவர் நிரப்பிய நோட்டுகளில் இரண்டாவதன் முதல் அத்தியாயம் மாயச் சதுரம், பள்ளிப் பையன்கள் போட்டு விளையாடும் கட்டக் கணக்கு. அங்கே தொடங்கி உலகம் அதுவரை பார்க்காத தொடர்களுக்குப் போகிறது.

நோட்டில் ஊர் இல்லை. மழை இல்லை, பசி இல்லை, தேர்வில் தவறிய செய்தி இல்லை. குடும்பம் வணங்கிய நாமகிரித் தாயாரைப் பற்றி நண்பர்களிடம் பேசியிருக்கிறார், ஆனால் நோட்டில் ஓடுவது சூத்திரங்களே. எழுதியவரின் மூளை மட்டும் முழுசாக இருக்கிறது, பிழையும் சேர்த்து. எவரும் அதைத் திருத்திச் சீர்செய்து வெளியிடவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் கையெழுத்தை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடி எழுதிய ஐந்து தொகுதிகள் 1985க்கும் 1998க்கும் இடையே வந்தன.

திருச்சியின் பதினெட்டாம் நூற்றாண்டை எழுத நாட்குறிப்பில்லாமல் முடியாது. அதில் நன்றி உண்டு எனக்கு. ஆனாலும் ஒரு மனிதரை நம்பி அவர் தாளுக்குள் நுழைய வேண்டுமென்றால், யாருக்கும் காட்டுவதற்காக எழுதாத நோட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நாட்குறிப்பில் ஊழியரோடு வாதாடிய ஊர்க்காரரின் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்பக்கூடியவை அவரைப் போன்றவர்கள் தங்களுக்காக எழுதிவைத்த தாள்களே.

அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. சுவார்ட்ஸின் காகிதத்துக்கு ஹாலேயில் ஓர் ஆவணக்காப்பகம் இருந்தது. ராமானுஜனின் நோட்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு, கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டி அவர் மதிப்பை உணர்ந்தது ஒரு காரணம். ராமானுஜன் தம் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள்கூட, 1976இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுக்கும்வரை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. ராமானுஜனுக்கே அந்த நிலை என்றால், திண்ணைப் பள்ளியில் எண்சுவடி எழுதிய பையனின் சுவடியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தாள்களைப் படமெடுத்துக் காப்பதில் தேர்ந்தது. அங்கே எடுத்த படங்களைக்கொண்டுதான் ராமானுஜன் நோட்டுகளின் புதிய பதிப்பு வந்தது. கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை. மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம், திருவெள்ளறைப் பக்கத்து வீடுகளில் பரணை ஒழிக்கும்போது கையால் எழுதிய எது கிடைத்தாலும், எடைக்குப் போடும் முன் இப்படி ஒரு நூலகத்தாரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.