முஸ்லிம் பெற்றோருக்கான பல்லூடகப் பாலியல் கல்வி (மலேசியா)

பருவமடைதல், உடல் தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் பேச முஸ்லிம் பெற்றோரை ஆயத்தப்படுத்தும் காணொளி, அசைபடம், கைப்பேசிச் செயலி முதலிய கற்றல் கருவிகளைக் குறிக்கும்.

பின்னணி: மலேசியப் பள்ளிகளில் ‘பீர்ஸ்’ எனப்படும் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி 2011இல் அறிமுகமானது. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் (2017), அவர்களை நயந்து பேசி வசப்படுத்துவதையும் குற்றமாக்கியது. எனினும் பிள்ளையின் முதல் கேள்வி பெரும்பாலும் வீட்டில்தான் எழுகிறது. அதற்கு விடை சொல்லும் துணிவைப் பெற்றோருக்குத் தருவதே இக்கருவிகளின் நோக்கம்.

உள்ளடக்கம்: பாலிகு ஆதல் (பருவமடைதல்), மாதவிடாய், கடமையான குளிப்பு, அவ்ரத் (மறைக்க வேண்டிய உடற்பகுதி), மஹ்ரம் உறவுகள் (மணம் முடிக்கத் தடையான நெருங்கிய உறவுகள்), தகாத தொடுதல் ஆகியவை முதன்மையானவை. மூன்று வேளைகளில் சிறுவரும் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்னும் திருக்குர்ஆன் வசனமும் (24:58), பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொல்லும் நபிமொழியும் இக்கல்விக்கு மார்க்க அடித்தளமாகின்றன. ஆகவே இது வெளியிலிருந்து வந்த புதுமை அன்று.

வடிவமைப்பு: சொல்லும் படமும் இணைந்தால் கற்றல் ஆழமாகும் என்பது உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் கோட்பாடு. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதையும் அவர் வலியுறுத்தினார். உடலுறுப்புகளை எளிய கோட்டோவியங்களாகக் காட்டுவது கூச்சத்தைக் குறைக்கும். தாயும் மகளும், தந்தையும் மகனும் உரையாடும் மாதிரிக் காட்சிகள், தடுமாறும் பெற்றோருக்குச் சொற்களைத் தருகின்றன. தனிமையில், வேண்டிய தடவை பார்க்கலாம் என்பது இவற்றின் பெரும் பயன்.