முழங்கால் நோவும் முதுசமும்
ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருமாயின் அதனைப் பரம்பரை நோய் என்று கூறுதல் உலக வழக்கு. தாய்க்கு இருந்தது, மகளுக்கும் வந்தது. ஆதலின் அது இரத்தத்தில் உள்ளது என்பது அவ்வழக்கின் தருக்கமாகும். ஆயின், தாயும் மகளும் ஒரே மலையில் ஒரே வேலையைச் செய்து முதுமை எய்தும் சமூகத்தில் இத்தருக்கம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது ஆராயத்தக்கது. பதுளையை நடுவாகக் கொண்ட ஊவாத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது. முழங்கால் மூட்டுத்தேய்வு பற்றிய பிறப்புரிமையியல் ஆய்வுகளை அவ்வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலும் முதுசமாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் இலங்கையின் மலைநாட்டுக்கு வரலாயினர். கங்காணிமாரின் கீழ்க் குழுக்களாகத் திரண்டு, கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, காடுகளினூடாகக் கால்நடையாகவே அவர்கள் மலையேறினர். 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளைப் பற்றிய நோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயாம். கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் வந்தடைந்தது.

இம்மாற்றத்தில் ஒரு கூறு ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் தொழிலாளருட் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டுவது. எனவே குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கின. லயத்து அறை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், அறையை விடாதிருக்கப் பிள்ளைகளும் தோட்டத்தில் பேர் பதிந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது தோட்டத்துக்கு வெளியே தொழில் தேடும் வழியும் குறுகிற்று. உறவுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை நிகழ்ந்தமையால், இரத்த உறவினரே அயல் லயத்தாராகவும் ஒரே மலையில் நிரை பிடிப்போராகவும் அமைந்தனர். இவ்வாறு, பிற சமூகங்களிற் காணி தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது போல இங்கே தொழில் கைமாறிற்று.

அத்தொழிலின் தன்மை யாவரும் அறிந்ததே. தலையிற் பட்டியிட்டு முதுகிற் கூடை சுமந்து, மழையில் வழுக்கும் சரிவிற் பெண்கள் ஏறி இறங்குகின்றனர். கொழுந்து நிரம்ப நிரம்பச் சுமை கூடுகின்றது. சுமையோடு இறங்குகையிற் கால் மடங்கி உடலைத் தாங்கவேண்டியிருத்தலால் முழங்கால் மூட்டு பெரும் அழுத்தத்துக்கு உள்ளாகின்றது.

ஆய்வின் இரு வழிகள்

முழங்காலில் என்புகளின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. அது மெலிந்து, அடியிலுள்ள என்பும் சுற்றிலுமுள்ள இழையங்களும் மாற்றமுறுவதே மூட்டுத்தேய்வாகும். முதுமை, உடற்பருமன், பழைய காயம், கடும் உழைப்பு, பரம்பரை ஆகிய பலவும் இதற்குக் காரணங்களாகும். பெண்களிடையே இது மிகுதி.

இந்நோயின் ஆய்வு வரலாற்றிற் கெல்கிரன், லோரன்ஸ் என்னும் இருவர் முதன்மையானவர். 1952இல் அவர்கள் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்து, முழங்கால் தேய்வு அவர்களிடையே மிகுந்திருத்தலை வெளியிட்டனர். 1957இல் எக்ஸ்றே படத்தைக் கொண்டு தேய்வின் தரத்தை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. அவர்களே 1963இல், பல மூட்டுகளைத் தாக்கும் தேய்வில் மரபுக் காரணிகளின் பங்கினையும் ஆராய்ந்தனர். உழைப்பையும் பரம்பரையையும் ஒன்றுக்கொன்று பகையான விளக்கங்களாக அவர்கள் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பின்வந்தோர் இரட்டையரை நாடினர். 1996இல் ஸ்பெக்டரும் அவர்தம் குழுவினரும் பிரித்தானிய இரட்டைப் பெண்களை ஆராய்ந்து, கை, முழங்கால் தேய்வில் மரபின் பங்கு 39 முதல் 65 வீதம்வரை எனக் கணித்தனர். 2007இல் ஜப்பானிய ஆய்வாளர், மூட்டுகள் உருவாவதிற் பங்குகொள்ளும் ஜி.டி.எஃப்.5 என்னும் பரம்பரையலகின் ஒரு வேறுபாடு இந்நோயோடு தொடர்புடையதெனக் காட்டினர். 2021இல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 100 மரபு வேறுபாடுகளை இனங்கண்டது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் தனித்தனிப் பங்கு மிகச் சிறியதே. மேலும் ஆராயப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர்.

வீதத்தின் பொருள்

எனவே பரம்பரைக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வீதத்தின் பொருளைத் தவறாகக் கொள்ளல் எளிது. ஐம்பது வீதம் எனின், ஒருத்தியின் நோவிற் பாதி தாய் வழி வந்தது என்பது பொருளன்று. ஒரு குறித்த சமூகத்தில், ஒரு குறித்த சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டிற் பாதி மரபு வேறுபாட்டால் விளைவது என்பதே பொருள்.

இதனைத் தேயிலை மலையைக் கொண்டே விளக்கலாம். விதைத் தேயிலை மலையொன்றில் ஒரு செடி தழைத்தும் அடுத்தது குன்றியும் நிற்கின்றன. மண்ணும் ஒன்று, உரமும் ஒன்று. ஆகவே வேறுபாடு விதையினது. மாறாக, ஒரே தாய்ச்செடியின் துண்டங்களிலிருந்து வளர்த்த செடிகள் இரு மலைகளில் வேறுபட்டு நிற்பின் அவ்வேறுபாடு மண்ணினது. இனி, முதலாவது மலையின் மேல்மண் மழையால் அரிபட்டுச் செடிகள் யாவும் சோர்ந்திருப்பதாகக் கொள்வோம். அப்போதும் செடிக்குச் செடி வேறுபாடு விதையினதாகவே தோன்றும்; ஆனால் மலை முழுவதும் சோர்ந்ததற்குக் காரணம் விதையன்று.

தோட்டச் சமூகத்தின் நிலையும் இத்தகையதே. எல்லோரும் ஒரே சரிவில் ஒரே சுமையோடு ஏறுமிடத்துச் சூழலில் வேறுபாடு குறைகின்றது; சூழல் வேறுபாடு குறையக் குறைய மரபின் வீதம் உயர்ந்து தோன்றும். ஒருத்தியின் முழங்கால் ஐம்பது வயதிலும் மற்றொருத்தியின் முழங்கால் அறுபதிலும் தேய்வதற்கு மரபு காரணமாகலாம். அனைவருடைய நோவையும் மிகுவிக்கும் உழைப்பு அவ்வீதத்துட் புலப்படாது மறைந்துவிடும்.

பிரிந்த குடும்பங்கள்

இவ்விரு முதுசங்களையும் பிரித்தறிய வழியுண்டா? வரலாறு கொடுமையான முறையில் ஒரு வழியைத் திறந்துவைத்துள்ளது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. உடன்பிறந்தோர் பிரிந்தனர். சிலர் நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலும், சிலர் கன்னடநாட்டின் ரப்பர்த் தோட்டங்களிலும், வேறு சிலர் சமவெளி ஊர்களிலும் குடியமர்த்தப்பட்டனர். ஒரே குருதியினர் வேறு வேறு நிலத்தில், வேறு வேறு தொழிலில் முதுமையடைந்தனர். பதுளையில் தங்கிய தங்கையின் முழங்காலையும் சமவெளிக்குச் சென்ற அக்காளின் முழங்காலையும் ஒப்புநோக்கின், குருதி ஒன்றாயிருக்கத் தொழில் ஆற்றிய பங்கு தெளிவாகும். ஆயின் அதற்கு முதலில் வேண்டப்படுவது எக்ஸ்றே படமன்று. யார் யாருக்கு உறவு, யார் எந்த மலையில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்னும் குடும்ப வரலாறு. அது பெரிதும் முதியோரின் நினைவிலேயே தங்கியுள்ளது. அதனைத் திரட்டுதல் மருத்துவர் பணி மட்டுமன்று. வரலாறு பயில்வோர் பணியுமாகும்.

இது வெறும் அறிவு வேட்கையன்று. நோயைப் பரம்பரையின்பாற் சார்த்தினால் எவருக்கும் பொறுப்பில்லை. தொழிலின்பாற் சார்த்தினால் இழப்பீடும் பாதுகாப்பும் கோரும் நியாயம் பிறக்கின்றது. பிரித்தானியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வு தொழில்வழி நோயாக ஏற்கப்பட்டது 2009இலேயாம். கெல்கிரன், லோரன்ஸ் ஆய்வு வெளிவந்து 57 ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன. அவ்வளவு காலம் காத்திருக்க ஊவாவின் முதிய பெண்களுக்கு இயலாது. சரிவுகளிற் படிகள் அமைத்தலும், நிறுக்குமிடங்களை அண்மையாக்கிச் சுமை தூக்கும் தூரத்தைக் குறைத்தலும், நோவு தொடங்கியோர்க்கு இலகுவான வேலை வழங்கலும் எந்தப் பரம்பரையலகின் கண்டுபிடிப்பையும் எதிர்பார்த்து நிற்பவையல்ல. பெற்றோரிடமிருந்து வந்த உடலை மாற்றவியலாது. துரைமாரின் காலத்திலிருந்து வந்த வேலைமுறையை மாற்றவியலும்.