குழந்தைத் தள்ளுவண்டி: திருப்பூர் வட்டாரத்தில் தேர்வும் பயன்பாடும்

குழந்தைத் தள்ளுவண்டி என்பது கைக்குழந்தை முதல் மூன்று வயதுப் பிள்ளை வரை படுக்க வைத்தோ உட்கார வைத்தோ தள்ளிச் செல்லும் மடக்கு வண்டி. கடைகளில் ஸ்ட்ரோலர், பேபி வண்டி, பிராம் என்று பல பெயரில் கேட்டு வாங்குகிறார்கள். திருப்பூர் மாநகர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர், காங்கேயம் என்று விரிந்து கிடக்கும் பின்னலாடை வட்டாரத்தில் இது இன்னும் எல்லா வீட்டுக்குமான பொருளாகிவிடவில்லை. தூளியும் இடுப்பும் இருசக்கர வாகனமுமே இங்கே குழந்தை வளர்ப்பைத் தாங்குகின்றன. வண்டி வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு விளம்பரப் பட்டியல் அவ்வளவாக உதவாது. எது உழைக்கும், எது மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் என்பதை வீட்டு வாசல், டவுன் பஸ் படி, ஆட்டோவின் பின்பக்கம், சித்திரை வெயில் ஆகியவையே முடிவு செய்கின்றன.

தோற்றம்

குழந்தை வண்டி பிறந்தது பிரபு மாளிகையில். 1733-இல் ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட், டெவன்ஷயர் கோமகன் வீட்டுக் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதை இழுக்க ஆடு அல்லது மட்டக்குதிரை வேண்டும். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தையின் முகம் தாயின் பக்கமோ பாதையின் பக்கமோ இருக்கும்படி திருப்பி வைக்கக்கூடிய தொட்டில் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

நமக்குப் பொருந்தும் வண்டியின் கதை 1965-இல்தான் தொடங்குகிறது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர் ஓவன் மெக்லாரன், தன் மகளும் பேரக்குழந்தையும் பயணத்தின்போது கனத்த வண்டியோடு படும் பாட்டைப் பார்த்தார். அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையைச் சுருக்குவதுபோல் மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அதற்குப் பின் வந்தது மும்மடிப்பு வகை. 2012-இல் பிரான்சின் பேபிஜென் வெளியிட்ட யோயோ வண்டி மடித்தால் 52 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம், 18 செ.மீ. கனத்துக்குள் அடங்கியது, விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறையில் வைக்கவே அப்படி வடிவமைத்தார்கள். இன்று லவ்லேப், ஆர் ஃபார் ராபிட், மீ மீ, பேபிஹக் போன்ற பெயர்களில் இந்தியக் கடைகளில் கிடைக்கும் சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றியவை.

ஊரும் வண்டியும்

திருப்பூரை ரயில் பாதையும் நொய்யலும் குறுக்கே வெட்டுகின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் பாலமோ சுரங்கப்பாதையோ வேண்டும். பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் வாழ்வது லைன் வீடுகளில். ஒரே வரிசையில் நாலைந்து வீடு, முன்னால் ஒடுங்கிய நடை, அந்த நடையிலேயே துணி துவைக்கும் கல், தண்ணீர்க் குடங்கள், இரண்டு மூன்று பைக்குகள். மாடி வீடென்றால் லிஃப்ட் இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் மடிக்காத வண்டிக்கு இடமே இல்லை. அகலம் ஐம்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் நடையில் நிற்கும் பைக்கை நகர்த்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். எனவே கடைக்குப் போகும் முன் வீட்டுக் கதவையும் நடையையும் டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது. மார்பு, இடுப்பு என்று அங்குலக் கணக்கில் வாழும் ஊருக்கு இது புதிய பழக்கமில்லை.

இந்திய சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலமும், 150 மில்லிமீட்டருக்கு மேற்படாத விளிம்பு உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. காதர்பேட்டையில் அதைத் தேட வேண்டாம். கடை வாசலில் இறக்கிய பனியன் பண்டல்கள், பின்னோக்கி வரும் குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டி, பார்சல் சுமக்கும் ஆட்கள் எல்லாம் ஒரே தெருவில். அங்கே குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுவதைவிட மார்போடு அணைத்துக்கொண்டு போவதே பாதுகாப்பு. வண்டி உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் வேறு: காலனித் தெருக்கள், பூங்காக்கள், ஜவுளிக்கடையின் உள்ளே, மருத்துவமனையின் நீண்ட வராந்தா, கல்யாண மண்டபம், ரயில் நிலைய நடைமேடை. அன்றாடம் போகும் இடங்களில் இவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

சக்கரமும் நூலும்

பெரிய காற்றடைத்த சக்கரம் குண்டும் குழியுமான சாலைக்கு நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வது மெய்தான். ஆனால் அந்தச் சக்கரம் உள்ள வண்டி பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். மடித்தாலும் ஆட்டோவில் அடங்காது. அரையடிக்கும் குறைந்த சிறிய இரட்டைச் சக்கரங்களோ சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டும். இரண்டுக்கும் நடுவே, ஆறேழு அங்குல ஒற்றைச் சக்கரமும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் உள்ள வண்டி இந்த ஊர்த் தெருவுக்குப் போதும்.

வேறெந்த ஊர் வழிகாட்டியிலும் இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. பவர் டேபிள் தையல் யூனிட்டுகள் இருக்கும் சந்துகளில் பிசிர் நூலும் கட்டிங் வேஸ்ட்டின் மெல்லிய நாடாக்களும் தரையில் கிடக்கும். கம்பெனிக்குள் துணி ஏற்றிச் செல்லும் டிராலியின் சக்கர அச்சில் நூல் சுற்றிச் சுற்றிக் கட்டையாக இறுகி, கடைசியில் சக்கரம் சுற்றாமல் தேய்ந்து இழுபடுவதைச் செக்கிங், பேக்கிங் பிரிவில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். குழந்தை வண்டியின் முன்சக்கரத்துக்கும் அதே கதிதான். ஆகவே சக்கரத்தைக் கழற்றி மாட்டக்கூடிய, அச்சு மூடப்படாத வண்டியைத் தேர்வது நல்லது. பிசிர் வெட்டும் சிறு கத்தரி ஒன்றிருந்தால் நூலை அறுத்தெடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

தள்ளுபவர் யார்

விளம்பரப் படங்களில் இளம் தம்பதியர் வண்டி தள்ளுகிறார்கள். திருப்பூரில் தாயும் தந்தையும் காலை எட்டரைக்கு ஷிப்ட் ஏறிவிடுகிறார்கள். ஆர்டர் நெருக்கும் நாளில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில்தான் திரும்புவார்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை கேட்டது. 2017-இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரும் உரிமையும் சேர்த்தது. ஐம்பது பேருக்கும் குறைந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் தைப்பவருக்கு இது எட்டவில்லை. அங்கே குழந்தையைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்வது பாட்டிதான், அம்மிச்சி அல்லது அப்பத்தா.

எனவே வண்டியைத் தேர்வது அவருடைய முழங்காலையும் மணிக்கட்டையும் நினைத்துத்தான். குனியாமல் தள்ளும் கைப்பிடி உயரம், செருப்புக் காலால் ஒரே மிதியில் விழும் பிரேக், ஒரு கையால் மடியும் பூட்டு ஆகியவை அவருக்கு வேண்டும். கடையில் சோதிக்க எளிய வழி உண்டு: பேத்தியை இடுப்பில் வைத்தபடி, மறுகையால் வண்டியை மடித்து, தூக்கி, நாலு படி ஏறிக் காட்டச் சொல்லலாம். ஏழு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும்.

பஸ், ஆட்டோ, இருசக்கரம்

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாட்டியும் தாயும் குழந்தையும் வெளியே போக அதுவே மலிவான வழி. அந்தப் பஸ்ஸின் படிகள் உயரம், நடைவழி குறுகல். நிறுத்தத்துக்கு வந்தபின் குழந்தையைத் தூக்கி, வண்டியை மடிக்க நேரம் கிடைக்காது. நிறுத்தத்துக்கு முன்பே குழந்தையை, நீளத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டும் மார்புத் துணிக்கட்டுக்கு மாற்றிவிட்டு, மடித்த வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டால் ஒரு கை கம்பியைப் பிடிக்கக் கிடைக்கும். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் உதவும் வண்டி என்று ஒன்றைத் தனியாகத் தேடுவதில் பயனில்லை. இலேசான வண்டியும் ஐந்து மீட்டர் பின்னல் துணியும் சேர்ந்தால்தான் அது கிடைக்கிறது. ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் மும்மடிப்பு வண்டி உட்காரும். குடை மடிப்பு வண்டி நீளமானதால் காலடியில்தான் கிடக்கும்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்தட்டில் மடித்த வண்டி, மடியில் குழந்தை என்ற காட்சி அரிதல்ல. அது ஆபத்தானது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பாதுகாப்புப் பட்டையால் பிணைக்கவும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குத் தலைக்கவசம் அணிவிக்கவும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமலிருக்கவும் கட்டாயமாக்குகிறது. அந்தப் பட்டையின் விலை பெரும்பாலான தள்ளுவண்டிகளின் விலையைவிட மிகக் குறைவு. கையில் பணம் அளவாக இருந்தால் முதலில் பட்டை, பிறகுதான் வண்டி.

துணியும் வெயிலும்

பெரும்பாலான வண்டிகளின் இருக்கை பாலியஸ்டர். வேர்வையை அது உறிஞ்சாது. காட்டன் இன்டர்லாக் துணியில் ஒரு விரிப்புத் தைத்துப் போட்டால் குழந்தையின் முதுகு நனையாது. 200 ஜி.எஸ்.எம். அளவிலான துணி, பெல்ட் வரும் இடங்களில் காஜா மாதிரி ஐந்து திறப்புகள் போதும். ஓவர்லாக் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சாயம் பற்றித்தான் கவனம் வேண்டும். ஓகோ-டெக்ஸ் 100 தரத்தில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான முதல் வகுப்பு மிகக் கடுமையானது. எச்சிலுக்கும் வேர்வைக்கும் சாயம் இறங்கக்கூடாது என்று அது கேட்கிறது. ஏற்றுமதிக்கு இதைத் தினமும் பார்க்கும் ஊர், தன் வீட்டுக் குழந்தைக்கும் கேட்டு வாங்கலாம். கையுறை, காலுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். வெட்டப்படாத பிசிர் நூல் ஒன்று பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

வெயிலுக்குத் துண்டையோ சேலையையோ வண்டியின் மேல் முழுதாகப் போர்த்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதை அளந்து பார்த்தார்கள். உலர்ந்த துணியால் முழுக்க மூடியபோது உள்ளே வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. ஈர மஸ்லின் துணியும் சிறு மின்விசிறியும் சேர்ந்தபோது வெளியைவிட நாலரை டிகிரிக்கு மேல் குறைந்தது. துணியைப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நனைக்க வேண்டும். திருப்பூரின் சித்திரை வறண்ட வெயில் என்பதால் ஈரம் சீக்கிரம் ஆவியாகி நன்றாகவே குளிர்விக்கும். ஆனாலும் உச்சி வெயிலில் குழந்தையை வெளியே கொண்டுபோகாமலிருப்பதே மேல். ஆனி, ஆடியில் தொல்லை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவது போதாதென்று, பிரேக் போடாத வண்டியின் மேல்மூடியையும் பிடித்துத் தள்ளும். அந்த மாதங்களில் கையை விட்டாலே பிரேக்கை மிதித்துவிட வேண்டும்.

புகை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் பிரஷாந்த் குமார் குழு 2018-இல் வெளியிட்ட கட்டுரை, வாகனப் புகை அடர்ந்திருக்கும் முதல் ஒரு மீட்டர் உயரத்தில் குழந்தையின் மூச்சு இருப்பதால், பெரியவர்களைவிட 60 விழுக்காடு வரை கூடுதல் மாசை அது சுவாசிக்கக்கூடும் என்றது. அவிநாசி ரோட்டு சிக்னலில் பஸ்ஸின் பின்னால் வண்டியை நிறுத்தாமல் நாலடி தள்ளி நிற்பதற்கு இதுவே காரணம்.

வயது, தூளி, பாதுகாப்பு

ஐரோப்பாவின் ஈ.என். 1888 தரம், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கான இருக்கை குறைந்தது 150 பாகைக்குச் சாய வேண்டும் என்கிறது. குடை மடிப்பு வண்டிகளில் பல அந்த அளவு சாயாது. தலை நிற்காத குழந்தையை அதில் வைத்தால் முகவாய் மார்பில் இடித்து மூச்சு தடைப்படும். மார்புத் துணிக்கட்டிலும் அதே எச்சரிக்கை: முகம் எப்போதும் தெரிய வேண்டும், முகவாய் மார்பைத் தொடக்கூடாது. எனவே முதல் ஆறு மாதத்துக்கு வண்டி வாங்க அவசரமில்லை. வீட்டில் தூளி இருந்தால் குழந்தை குப்புற விழத் தொடங்கும் வரை, பெரியவர் கண்பார்வையில் மட்டும் அதில் இடலாம். தூளிச் சேலையில் பெரிய பிள்ளைகள் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய விபத்துகள் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகின்றன. குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுவது அந்த விபத்தைத் தடுக்கும்.

வண்டியை அக்கா, தங்கை வீடுகளுக்குள் கைமாற்றிக்கொள்வது நல்ல வழக்கம். அப்படி வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது மடிப்புக் கீல். 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி வழங்க நேர்ந்தது; வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகள் விரல்நுனி இழந்ததே காரணம். வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை இரண்டடி தள்ளி நிற்கட்டும். ஐந்து முனைப் பெல்ட்டின் கொக்கி ஒவ்வொரு முறையும் சத்தத்தோடு விழுகிறதா, பிரேக் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்கிறதா, பதினைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்தால் சட்டம் வளைகிறதா என்று பார்த்த பிறகே குழந்தையை உட்கார வைக்கலாம். காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடும் பழக்கத்தைக் கைமாறும்போதே சொல்லி நிறுத்த வேண்டும். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.