அருவாள் இருக்கும் இடம்

மாரியூரில் இரும்பைச் சும்மா போட்டு வைக்க முடியாது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளம். காற்றோடு வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துடைக்காமல் வைத்த கத்தி சீக்கிரமே செம்பூத்துப்போகும். அதே சமயம் இங்கிருந்து சாயல்குடி, நரிப்பையூர் வரைக்கும் பனங்காடு. பனையேறிக்கு வேண்டியது பாளையைத் தாள் கனத்துக்குச் சீவுகிற கத்தி. ஆக, இந்தப் பக்கம் கத்தி செய்வது பாதி வேலை. அதை எங்கே எப்படி வைப்பது என்பது மீதிப் பாதி.

எனக்குத் தெரிந்து ஆகச் சிறிய கருவிக் கிடங்கு பனையேறியின் இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிதான். அதற்குள் இரண்டு கத்திகள். காய்ந்த மட்டையைக் கழிக்க மட்டை அருவாள், பாளையைச் சீவப் பாளை அருவாள். இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் நிற்க வேண்டும். பாளை அருவாளால் ஒருமுறை மட்டையை வெட்டினால் போதும், முனை மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி பாளையைச் சீவாது, நசுக்கும். நசுங்கிய பாளையில் பதநீர் சரியாக இறங்காது. தீட்டுவதெல்லாம் மரம் ஏறுவதற்கு முன்னால், தரையில், பலகையில் கல்பொடி தூவி முடிந்துவிட வேண்டும். மரத்தின் உச்சியில் ஒரு கை எப்போதும் மரத்துக்குச் சொந்தம். இன்னொரு கை பார்க்காமலே பெட்டிக்குள் போய்ச் சரியான கத்தியைத் தொட வேண்டும். அறுபது அடி உயரத்தில் 'எங்க வச்சேன்' என்று தேட முடியாது.

இந்தக் கத்திகள் பிறக்கும் இடத்தைப் பார்க்கச் சாயல்குடிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். முதல் பார்வைக்கு அது ஒரு குப்பைமேடு. லாரிப் பட்டைகள், உடைந்த அரங்கள், பழைய மண்வெட்டிகள். சுவரில் அலமாரி இல்லை, எதற்கும் பெயர் ஒட்டவில்லை. எதைக் கேட்டாலும் தேடி எடுக்கும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்குக் கை பரபரத்தது.

ஆசாரி வேலையைத் தொடங்கியதும் ஒழுங்கு தெரிந்தது. அது பொருளில் இல்லை, தூரத்தில் இருந்தது. உலைக்கும் பட்டடைக்கும் நடுவில் ஒரு திரும்பல்தான் இடைவெளி. அருவாள் அளவுக்கு மெல்லிசான இரும்பு உலையை விட்டு வெளியே வந்த சில நொடிகளில் நிறம் இறங்கிவிடும். அதற்குள் அடி விழ வேண்டும். அதனால் குறடுகள் உலை ஓரத்தில், பிடி கையைப் பார்த்தபடி. சம்மட்டி எதிரே நிற்பவருக்கு, சுத்தியல் தனக்கு. தண்ணீர்த் தொட்டி எழுந்திருக்காமல் எட்டும் இடத்தில். தினமும் வேண்டாத அரமும் உளியும் இரண்டு எட்டு தள்ளி. கூரை தாழ்ந்து, உள்ளே இருட்டு. வெளிச்சம் போதாததால் வந்த இருட்டு இல்லை அது. வெயிலில் இரும்பின் சிவப்பைச் சரியாகப் படிக்க முடியாது.

"அந்தக் குவியல்ல எது எதுன்னு எப்படிண்ணே தெரியும்?"

ஒரு துண்டை எடுத்துப் பட்டடையில் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். "சத்தம் வேறயா கேக்குதா தம்பி?"

எனக்குக் கேட்கவில்லை. லாரிப் பட்டையில் கரி நூற்றுக்கு அரை பங்குக்குச் சற்று மேலே இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். அவருக்கு அதே செய்தி காது வழியாகவும், சாணையில் பறக்கும் பொறி வழியாகவும் போகிறது.

இரும்பை எங்கே வைப்பது என்பது தமிழில் பழைய விஷயம். புறநானூற்றின் 95ஆம் பாடல் ஒரு விதத்தில் இதைப் பற்றித்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரிடம் அவன் தன் ஆயுத சாலையைக் காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவல் வீட்டில் வைத்த ஆயுதங்கள். ஔவை சொல்லும் பதிலின் சாரம்: எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்தி முனை உடைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. எல்லோரும் ரசிப்பது அந்தக் கிண்டலை. எனக்கு அதில் பிடித்தது கொட்டில். புழங்குகிற இரும்பு எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நெய் பூசியதில் தொண்டைமான் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதும் மாரியூர்க் காற்றைச் சுவாசித்தவனுக்குத் தெரியும்.

அதற்கும் முந்தைய வைப்பிடம் மண். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த அலெக்ஸாண்டர் ரீ, தாழிகளோடு ஏராளமான இரும்புக் கருவிகளை எடுத்தார். அவை முனை கீழ்நோக்கி இருந்ததையும், துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோலத் தோன்றியதையும் எழுதி வைத்தார். செத்தவருக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இடம் பற்றிய கேள்வியை அரசாங்கம் கையில் எடுத்தது பிறகுதான். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ், தெற்குப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். 1878இல் ஆயுதச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதிய சட்டம். அதன் விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அளவைச் சட்டம் சொல்லிவிடும். எதற்குச் செய்தது என்பதை இரும்பு சொல்லாது, அது இருக்கும் இடம்தான் சொல்ல வேண்டும். அருவாப்பெட்டிக்குள் இருந்தால் தொழில். அதே கத்தி மஞ்சப்பையில், ராத்திரி பஸ்ஸில் இருந்தால்?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்கத் தேடுதல் நடத்தி நிறைய ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. அதையொட்டிப் பட்டறைக்காரர்களுக்கும் அறிவுரை வந்தது. வாங்குகிறவர் பெயர், முகவரி, செல் நம்பர், எதற்காக என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். கேமராவும் வைக்கச் சொன்னார்கள். அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அருவாளால் வெட்டுப்பட்டவர்களின் வீடுகளும் இதே மாவட்டங்களில்தான் இருக்கின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆளைப் பார்த்தே கத்தியின் எடையைத் தீர்மானித்த ஒருவர், இப்போது அந்த ஆள் யார் என்று ஒரு நோட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது ஒரு சின்ன மட்டை அருவாள் வாங்கினேன். தேங்காயெண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். நோட்டு எங்கே இருந்தது தெரியுமா? தகரப்பெட்டிக்குள், சாக்குக்கு அடியில். எழுந்து நாலு எட்டு நடந்து எடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் அதற்கு அவர் இன்னும் இடம் கொடுக்கவில்லை.

பெயர் சொன்னேன், நம்பர் சொன்னேன்.

"எதுக்குன்னு எழுதட்டும் தம்பி?"

யோசித்தேன். என் ஃபிளாட்டில் பனையும் இல்லை, மட்டையும் இல்லை.

"தேங்கா வெட்டன்னு போட்டுக்கங்கண்ணே."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொறுமையாக எழுதினார்.